கிழங்கு விஞ்ஞானியா இருந்த அப்பா நினைவா ஊருக்கு ஒண்ணு செய்யணும், வழி சொல்லுங்க

விளவங்கோட்டுக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டம் பக்கம். எங்க அப்பா போன ஐப்பசில இறந்துட்டாங்க. திருவனந்தபுரம் ஸ்ரீகார்யத்துல இருக்க மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையத்துல 31 வருஷம் விஞ்ஞானியா இருந்தவங்க. மரச்சீனில, அதாவது மரவள்ளிக் கிழங்குல, வர தேமல் நோய்தான் அவங்க வேலை. இலையெல்லாம் மஞ்சளா திட்டு திட்டா சுருங்கி கிழங்கு பிடிக்காம போகும்லா, அது வெள்ளை ஈயாலயும் பரவும், நோய் உள்ள செடில இருந்து வெட்டி நடுற கம்பு வழியாவும் பரவும், அதனால நல்ல கம்பு கிடைச்சாலே பாதி பிரச்சினை தீந்துச்சுன்னு சொல்லிட்டே இருப்பாங்க.

ஆபீஸ் வேலை ஒரு பக்கம், வருஷா வருஷம் சித்திரை மழை விழுந்ததும் நோயில்லாத கம்ப சாக்குல கட்டி பஸ்ல ஏத்திக் கொண்டு வந்து ஊர்ல வீட்டுக்கு 5 கம்பு குடுப்பாங்க. காசு வாங்க மாட்டாங்க. ஒரே ஒரு நிபந்தனை, அடுத்த வருஷம் உங்க செடில இருந்து 10 கம்பு இல்லாத வீட்டுக்கு நீங்க குடுக்கணும். ஒரு மரச்சீனித் தண்ட வெட்டுனா பத்து கம்பு தேறும், அதனால யாருக்கும் நஷ்டம் இல்லன்னு சொல்லுவாங்க. இதுக்குன்னே ஒரு நீல அட்டை நோட்டு வச்சிருந்தாங்க. யாருக்கு குடுத்தாங்க, அவிய யாருக்கு குடுத்தாங்கன்னு பேரு எழுதி அம்புக்குறி போட்டு. அட்டையில கிழங்குப் பால் காஞ்சு கறுத்த கறை இப்பவும் இருக்கு. அந்த நோட்டோட கடைசிப் பக்கத்துலதான், கை நடுங்கி எழுதுன எழுத்துல, "மிச்சம் உள்ளது ஊருக்குப் போகட்டும், பிள்ளைகளுட்ட சொல்லணும்"னு எழுதியிருக்கு. உயில்னு தனியா ஒண்ணும் எழுதல.

மிச்சம்னு பாத்தா ஊர்ல 28 சென்ட் விளை நிலமும் அதுல பழைய ஓட்டு வீடும், பேங்க்ல 32 லட்சம் டெபாசிட்டும். அம்மைக்கு 74 வயசு, குடும்பப் பென்ஷன் வருது, அது போதும்னு சொல்லுகாங்க. அக்கா அமெரிக்கால, அங்க சிட்டிசன் ஆயாச்சு. தம்பி சென்னைல. மூணு பேருக்கும் இந்தப் பணம் வேண்டாம், அதுல ஒரு சண்டையும் இல்ல. சண்டை எதுலன்னா என்ன செய்யறதுங்கறதுல. தம்பி அப்பா பேரு போட்டு லைப்ரரி கட்டணும்கான். அம்மை பொம்பளப்பிள்ளைய படிப்புக்கு குடுக்கணும்னு சொல்லுகாங்க. சித்தப்பா நம்ம சர்ச் பிள்ளைகளுக்கு மட்டும் குடுத்தா போதும், வெளில குடுத்தா யாரு நன்றி நினைப்பாங்கன்னு கேக்காரு. எனக்கு எங்க ஆரம்பிக்கணும்னே தெரியல. டிரஸ்ட் வைக்கணுமா, பள்ளிக்கூடத்துக்கு நேரா குடுத்திரலாமா? இது மாதிரி செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

வடசேரி ஆடிட்டர்:

அப்பாவுக்கு அஞ்சலி. முதல்ல சொத்து யாருக்குன்னு முடிங்க, தர்மம் அப்புறம். உயில் இல்ல, நீங்க கிறிஸ்தவங்கன்னு புரியுது, அப்ப 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கு மூணுல ஒரு பங்கு, மிச்ச ரெண்டு பங்கு பிள்ளைகள் மூணு பேருக்கும் சமமா. நோட்டுல எழுதுனது மனசுக்குப் பெரிய விஷயம், ஆனா சாட்சிக் கையெழுத்து இல்லாததால அது உயில் ஆகாது. பேங்க்ல நாமினி யாரா இருந்தாலும் அவரு பணத்த வாங்கி வச்சிருக்க ஆள் மட்டும்தான், ஓனர் கிடையாது. அதனால தாலுகா ஆபீஸ்ல வாரிசுச் சான்றிதழ், இ-சேவைலயே அப்ளை பண்ணலாம். அப்புறம்தான் மத்தது எல்லாம்.

நம்ம தமிழ்நாட்டுல மகாராஷ்டிரா குஜராத் மாதிரி பொது டிரஸ்ட்டுக்குன்னு தனிச் சட்டம் கிடையாது. டிரஸ்ட் பத்திரம் எழுதி சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியணும், அவ்வளவுதான். சங்கமா வைக்கணும்னா 1975 சங்கப் பதிவுச் சட்டம், குறைஞ்சது 7 பேர் வேணும், வருஷா வருஷம் கூட்டம், கணக்கு தாக்கல், நிர்வாகிகள் மாறுறது எல்லாம் உண்டு. குடும்பத்துப் பணத்துக்கு டிரஸ்ட்தான் லேசு. ஆனா ஒண்ணு மனசுல வச்சுக்கிடுங்க, பொது தர்மத்துக்குன்னு எழுதிக் குடுத்துட்டா திரும்ப எடுக்க முடியாது. அம்மா தங்கறதுக்கு அந்த வீடு வேணுமா வேண்டாமான்னு இப்பவே யோசிச்சுக்கிடுங்க.

சித்தப்பா சொல்றதுக்கு என் பதில், ஒரு மதத்துக்கோ சாதிக்கோ மட்டும்னு டிரஸ்ட் பத்திரத்துல எழுதுனா வருமான வரி விலக்கு கிடைக்காது. 1961 சட்டத்துல 13(1)(பி) பிரிவு அது. 2026 ஏப்ரல் 1ல இருந்து புது வருமான வரிச் சட்டம்ங்கறதால பிரிவு நம்பர் மாறும், ஆடிட்டர்ட்ட கேட்டுட்டு எழுதுங்க. இது வரிக் கணக்கு. நியாயக் கணக்குலயும் எனக்கு அது சரியாப் படல, கம்பு குடுக்கும்போது உங்க அப்பா எந்த சர்ச்னு கேட்டா குடுத்தாங்க?

இன்னொரு விஷயம், அம்மா அவங்க பங்க பின்னாடி உயில்ல தர்மத்துக்கு எழுத நினைச்சாலும் தாராளமா எழுதலாம். முன்னாடி அந்த வாரிசுரிமைச் சட்டத்துல 118ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, நெருங்கின சொந்தக்காரங்க இருக்க கிறிஸ்தவங்க சாகறதுக்கு 12 மாசம் முன்னாடியே உயில் எழுதியிருந்தாத்தான் தர்மத்துக்கு எழுதுனது செல்லும்னு. அத 2003ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிட்டு. இன்னும் சில பெரியவங்க அந்தப் பழைய கதைய சொல்லி பயம் காட்டுவாங்க, அதான் சொன்னேன்.

ஏலாக்கரை:

கட்டடம் மட்டும் கட்டாதீங்க அக்கா. கெஞ்சிக் கேக்கேன்.

எங்க ஊரு தோவாளைப் பக்கம். நான் எட்டு படிக்கும்போது வெளிநாட்டுல இருந்த ஒருத்தர் அவரு அம்மா நினைவா வாசகசாலை ஒண்ணு கட்டிக் குடுத்தாரு, திறப்பு விழாவுக்கு நையாண்டி மேளம் எல்லாம் வச்சு ஊரே சாப்பிட்டுச்சு. மூணு பேப்பர் வரும், வார இதழ் வரும், சாயங்காலம் ஏலால, அதாவது வயக்காட்டுல, வேலை முடிஞ்சு வரவங்க கால் கழுவிட்டு வந்து உக்காந்து வாசிப்பாங்க, வாசிக்கத் தெரியாதவங்களுக்கு நாங்க சத்தமா வாசிச்சுக் குடுப்போம். நான் பேச்சுப்போட்டில ஜெயிச்சது எல்லாம் அங்க வாசிச்சதுலதான். ஒரு அஞ்சு வருஷம் நடந்துச்சு. கட்டடத்துக்குப் பணம் குடுத்தவரு அத திறந்து மூடற ஆளுக்கு சம்பளம்னு ஒண்ணும் எழுதி வைக்கல. பேப்பர்காரனுக்கு பாக்கி, கரண்ட் பில் பாக்கி, அப்புறம் பூட்டுனதுதான். போன வருஷம் எட்டிப் பாத்தேன், ஜன்னல் கம்பி வழியா. மேசை மேல கரையான் மண்ணு ஏறி, பேப்பர் கட்டு அப்படியே புத்தா நிக்கு, சுவத்துல அந்த அம்மா போட்டோ மட்டும் கண்ணாடிக்குள்ள சிரிச்சிட்டு இருக்கு. எனக்கு அழுகை வந்துட்டு.

லைப்ரரின்னா இருக்க ஊர்ப்புற நூலகத்துக்கு புக்கும் அலமாரியும் வாங்கிக் குடுங்க, 1000 ரூபா கட்டுனாலே புரவலர் ஆகலாம். புதுசா கட்டணும்னா கட்டடத்துக்கு ஒரு ரூபான்னா அத நடத்தறதுக்கு ரெண்டு ரூபா டெபாசிட்ல கிடக்கணும், இல்லன்னா தொடவே தொடாதீங்க.

விளவங்கோட்டுக்காரி:

ஏலாக்கரை அண்ணன், நீங்க எழுதுனத அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. தம்பிக்கும் அனுப்பிட்டேன். ஆடிட்டர் சார் ரொம்ப நன்றி. வீடு அம்மைக்கு வேண்டாம், என் கூடத்தான் இருக்காங்க, மழைக்கு ஓடும் ஒழுகுது.

ரிட்டயர்டு ஹெச்எம்:

மகளே, 34 வருஷம் வாத்தியாரா இருந்தவன் சொல்லுகேன். படிப்புக்கு குடுக்கறது நல்லது, ஆனா எந்தப் படிப்புச் செலவுக்குன்னு பாத்து குடுக்கணும், இப்ப காலம் மாறிப் போச்சு. அரசுப் பள்ளில படிச்ச பொம்பளப்பிள்ளைகளுக்கு காலேஜ் போனா மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டத்துல வருது, 2022 செப்டம்பர்ல இருந்து. பின்னாடி அரசு உதவி பெறும் பள்ளில தமிழ் வழில படிச்ச பிள்ளைகளுக்கும் அத நீட்டினாங்க. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மெடிக்கல்ல 2020ல இருந்து 7.5 சதவீத ஒதுக்கீடு, அடுத்த வருஷம் இன்ஜினியரிங், வேளாண்மை, சட்டம் எல்லாத்துக்கும் வந்துச்சு, அதுல சேருறவங்களுக்கு பீஸ அரசாங்கமே கட்டுது.

ஆனா நம்ம மாவட்டத்த பாருங்க, எவ்வளவு உதவி பெறும் பள்ளி! மிஷன் ஆரம்பிச்சது, ஊர்க்காரங்க ஆரம்பிச்சது, சமுதாயங்கள் ஆரம்பிச்சதுன்னு தடுக்கி விழுந்தா ஒண்ணு. அங்க படிக்கற பிள்ளைகளும் அதே ரப்பர் பால் வெட்டுறவன் வீட்டுப் பிள்ளைய, அதே கட்டுமரக்காரன் வீட்டுப் பிள்ளைய. ஆனா அந்த 7.5 ஒதுக்கீடு அவங்களுக்குக் கிடையாது. இந்த இடைவெளிலதான் பிள்ளைகள் விழுகாங்க. அப்புறம் பீஸ் கட்டியாச்சுன்னாலும் சேரும்போது முதல் மாசம் வர செலவு இருக்கே, ஹாஸ்டல் மெஸ் அட்வான்ஸ், லேப் கோட், புத்தகம், பெட்டி, பஸ் செலவு. சீட் கிடைச்சும் அந்த முதல் 15,000, 20,000 ரூபா இல்லாம வீட்டுல நின்ன பிள்ளைகள நான் என் கண்ணால பாத்திருக்கேன். ஒரு பிள்ளைக்கு நர்சிங் சீட்டு, நான் விஷயம் கேட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள கடைசித் தேதி தாண்டிருச்சு. முந்திரிக்கொட்டை உடைக்கற அண்டி ஆபீசுக்கு வேலைக்குப் போயிட்டு இருக்கான்னு அவங்க அம்மா சொன்னாங்க. இன்னும் அந்தப் பிள்ள முகம் மறக்கல.

அதனால ஜூன்ல விண்ணப்பம், ஆகஸ்ட்ல பரிசளிப்பு விழா, சால்வை, போட்டோன்னு வைக்காதீங்க. அட்மிஷன் நடக்கற மாசத்துல கேட்ட மூணாவது நாள் கைல பணம் இருக்கணும்.

நேரா பள்ளிக்குக் குடுக்கணும்னா நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளின்னு 2022ல அரசு தொடங்குன திட்டம் இருக்கு, அதுல எந்தப் பள்ளிக்கு எதுக்குன்னு சொல்லியே குடுக்கலாம். நிலமும் குடுக்கலாம். மதுரை கொடிக்குளத்துல பூரணம் அம்மாள் மகள் ஜனனி நினைவா 1 ஏக்கர் 52 சென்ட்ட பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் குடுத்தாங்களே, 2024 குடியரசு தினத்துல முதலமைச்சர் விருது குடுத்தாரே. ஆனா உங்க 28 சென்ட் பள்ளிக்கூடத்துக்கு ஒட்டி இல்லன்னா அது அவங்களுக்கு எதுக்கும் உதவாது, அதையும் பாத்துக்கிடுங்க.

குலசேகரம் நர்ஸ்:

ஹெச்எம் சார் எழுதுனத வாசிச்சதும் என்னால சும்மா இருக்க முடியல. நான் அப்படி ஒரு குடும்பம் குடுத்த பணத்துல படிச்சவ.

1998ல பிளஸ் டூ முடிச்சேன். அப்பா பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்ல பால் வெட்டு, மழை மாசத்துல வேலை கிடையாது, அட்மிஷன் வர்றதோ சரியா அந்த மாசம். எங்க ஊருக்கு ரெண்டு ஸ்டாப் தள்ளி ஒரு சார் வீடு, அவிய காலேஜ்ல வேதியியல் புரொபசரா இருந்து இறந்தவங்க, அவங்க வீட்டம்மா அந்த சார் நினைவா வருஷம் நாலு பிள்ளைகளுக்கு குடுத்துட்டு இருந்தாங்க. டிரஸ்ட் கிஸ்ட் எல்லாம் இல்லன்னு நினைக்கேன், ஒரு சின்ன பச்சை டைரிதான் பாத்தேன். திண்ணைல உக்கார வச்சு கட்டன் காப்பியும் அச்சப்பமும் தந்தாங்க. மார்க் கேட்டாங்க, வீட்டுல எத்தன பேர்னு கேட்டாங்க, எந்த ஆளுங்கன்னு கேக்கவே இல்ல. நான் பயந்து போய் அச்சப்பத்த கைலயே வச்சிட்டு இருந்தேன், அது பொடிஞ்சு பாவாடையெல்லாம் ஆகிட்டு, அவங்களே எழும்பி வந்து தட்டி விட்டுட்டு இன்னொண்ணு எடுத்துத் தந்தாங்க. கவர்ல 6000 ரூபா. அத அப்பாட்ட குடுத்தப்ப அப்பா விளக்குப் பக்கத்துல வச்சு மூணு தரம் எண்ணினாங்க.

இன்னைக்கு 25 வருஷமா நர்சா இருக்கேன். என் பிள்ளைகள் ரெண்டு பேரும் டிகிரி முடிச்சாச்சு. அந்த அம்மா இறந்த பிறகு அவங்க பிள்ளைகள் வெளியூர், அந்த உதவி நின்னு போச்சு. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். டைரில இருந்தது டைரியோட போச்சு. அதனால அக்கா, நீங்க நல்லா எழுதிப் பதிஞ்சு வைங்க, உங்களுக்குப் பிறகும் நடக்கற மாதிரி. டிரஸ்டில ஊர்ல இருக்க ஒரு டீச்சரையோ நர்சையோ போடுங்க, வீட்டு நிலம தெரிஞ்ச பொம்பளைங்க ரெண்டு பேராவது இருக்கணும்.

மஸ்கட் குமரி:

அமெரிக்கா அக்கா விஷயத்துல மட்டும் கவனம். நாங்க எங்க ஊர்ல ஒரு டிரஸ்ட் வச்சு பட்ட பாடு உண்டு. என்ன மாதிரி இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவன் வெளிநாட்டுல இருந்து என் சம்பாத்தியத்த பேங்க் வழியா அனுப்புனா அது வெளிநாட்டு நன்கொடை கிடையாது. ஆனா அங்க சிட்டிசன் ஆனவங்க குடுத்தா, இந்திய வம்சாவளிக்காரங்களுக்கு குடுக்கற ஓசிஐ கார்டு இருந்தாலும், ரூபாயாவே குடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதுக்கு எப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேணும், புது டிரஸ்ட்டுக்கு அது உடனே கிடைக்காது, 3 வருஷம் நடந்திருக்கணும், 15 லட்சம் செலவு செஞ்சு காட்டியிருக்கணும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குலதான் வரணும். எங்களுக்கு இது தெரியாம ஒரு மாமா அனுப்புன பணத்த திருப்பி அனுப்ப வேண்டி வந்துச்சு, அவரு இன்னும் அந்தக் கோவத்துல பேசல.

அதனால அக்கா தன் பங்க அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுக்கட்டும், அப்புறம் அம்மா டிரஸ்ட்டுக்கு எழுதட்டும். நேர்ல வர முடியலன்னா அங்க இந்தியத் தூதரகத்துல பவர் பத்திரம் கையெழுத்துப் போட்டு அனுப்பணும், இங்க வந்து சேந்த 3 மாசத்துக்குள்ள முத்திரைத் தீர்வை கட்டணும், அத மறந்தா ஆபீஸ்ல திருப்பி விட்டுருவாங்க. வக்கீல் ஒருத்தர்ட்ட காட்டிட்டு செய்யுங்க.

பழைய பிசிக்ஸ் வாத்தியார்:

விஞ்ஞானிகள் செஞ்ச தர்மம்னு பாத்தா ரெண்டு மூணு சொல்லணும், உங்க முடிவுக்கு உதவும்.

வங்காளத்துல பிரபுல்ல சந்திர ராய், பெங்கால் கெமிக்கல்ஸ் ஆரம்பிச்ச வேதியியல் விஞ்ஞானி. 1921ல 60 வயசானப்ப, இனி மிச்ச சர்வீஸ்ல வரப்போற சம்பளம் முழுசும் கல்கத்தா பல்கலைக்கழக வேதியியல் துறைக்குன்னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துட்டாரு, 1936ல ரிட்டயர் ஆகற வரைக்கும் அப்படித்தான். நம்ம பக்கத்துல, சந்திரயான் 3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் 2023ல தமிழக அரசு குடுத்த 25 லட்சத்த அவரு படிச்ச பாலிடெக்னிக்ல இருந்து ஐஐடி வரைக்கும் நாலு இடத்துக்கும் பிரிச்சுக் குடுத்தாரு.

ஆனா உங்க அப்பா கம்புக் கதைய வாசிச்சதும் எனக்கு ஞாபகம் வந்தது பெஞ்சமின் பிராங்க்ளின். மின்னல்ல ஆராய்ச்சி பண்ணுனவரு. 1790ல இறக்கும்போது பாஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் ஆளுக்கு 1000 பவுண்டு எழுதி வச்சாரு. தொழில் கத்து முடிச்ச, கல்யாணமான, 25 வயசுக்குள்ள உள்ள பையன்களுக்கு 5 சதவீத வட்டிக்கு கடன் குடுக்கணும், அவன் பத்து வருஷத்துல திருப்பிக் கட்டணும், அது அடுத்தவனுக்குப் போகணும், இப்படி 200 வருஷம். 1990 வாக்குல பாத்தா பாஸ்டன்ல கிட்டத்தட்ட 50 லட்சம் டாலர், பிலடெல்பியால 20 லட்சம். அவரையும் சின்ன வயசுல யாரோ கடன் குடுத்து தூக்கி விட்டதாலதான் பிரிண்டிங் கடை வச்சாரு, அதான் காரணம்னு உயில்லயே எழுதியிருக்காரு.

அதுல ஒரு ஓட்டையும் இருந்துச்சு. நடுவுல ஃபேக்டரி வந்ததும், ஒரு ஆசான்ட்ட தொழில் கத்து தனிக்கடை வைக்கற பையன்கள் குறைஞ்சு கடன் கேக்க ஆளே இல்லாம போச்சு, பணம் சும்மா கிடந்துச்சு. அதனால நோக்கத்த பத்திரத்துல இறுக்கிக் கட்டாதீங்க. நர்சிங் படிப்புக்கு மட்டும், இந்தப் பள்ளிக்கு மட்டும்னு எழுதுனா 30 வருஷம் கழிச்சு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்? கல்வி, விவசாயம், மருத்துவ உதவின்னு அகலமா எழுதிட்டு, வருஷா வருஷம் எதுக்குன்னு டிரஸ்டிகள் முடிவு பண்ணட்டும்.

வடசேரி ஆடிட்டர்:

வாத்தியார் சொல்றது சரி. கூட ரெண்டு வரி. 32 லட்சத்துக்கு வட்டி 7 சதவீதம்னு வச்சா வருஷம் 2,24,000. வரி விலக்கு வேணும்னா அதுல 85 சதவீதம், அதாவது 1,90,400, தர்மத்துக்கு செலவாகியிருக்கணும். மிச்சம் 33,600 முதலோட சேக்கலாம், கண்டிப்பா சேருங்க, இல்லன்னா விலைவாசி ஏற ஏற பத்து வருஷத்துல உங்க உதவி பாதியா சுருங்கிரும். ஹெச்எம் சார் சொன்ன 20,000 கணக்குல வருஷம் 9 பிள்ளைகள். முதல் பணத்துல கை வைக்கக் கூடாதுன்னு பத்திரத்துலயே எழுதுங்க. கடனா குடுக்காதீங்க, வசூல் பண்ண ஊர்ல யாரும் போக மாட்டாங்க, உறவுதான் கெடும். அப்புறம் நாளைக்கு டிரஸ்டிகள் தப்பு பண்ணுனா ஊர்க்காரங்க ரெண்டு பேர் சேந்து சிவில் நடைமுறைச் சட்டம் 92ஆம் பிரிவுல கோர்ட் அனுமதி வாங்கி கேஸ் போடலாம், அதனால யாரும் கேக்க முடியாதுன்னு நினைக்க வேண்டாம்.

விளவங்கோட்டுக்காரி:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்லறதுன்னு தெரியல. நேத்து ராத்திரி நாங்க நாலு பேரும் போன்ல ரெண்டு மணி நேரம் பேசினோம், சித்தப்பாவும் வந்து உக்காந்திருந்தாரு. நர்ஸ் தங்கச்சி எழுதுனத தம்பிதான் வாசிச்சான், அச்சப்பம் வர இடத்துல அவனுக்கு தொண்டை அடைச்சிட்டு. சித்தப்பா ஒண்ணும் சொல்லல, ஆனா எழும்பும்போது அம்மைட்ட "எல்லா பிள்ளையளுக்கும் குடுங்க மதினி"ன்னு சொல்லிட்டுப் போனாரு.

முடிவு இதாக்கும். 32 லட்சம் டிரஸ்ட்டுக்கு, வட்டி மட்டும் செலவு, அது அட்மிஷன் நேரத்துல வர செலவுக்கு, பொம்பளப்பிள்ளைகளுக்கு முன்னுரிமை, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள விட்டுராம. கடன் இல்ல, ஆனா வாங்குற பிள்ளைட்ட அப்பா சொன்னதையே சொல்லலாம்னு அம்மை சொன்னாங்க, வேலைக்குப் போன பிறகு உன்னால முடிஞ்சப்ப ஒரு பிள்ளைக்கு குடுன்னு. பத்திரத்துல எழுத வேண்டாம், வாயால சொன்னா போதும்னாங்க. பேரு நீல நோட்டுல அம்புக்குறி போட்டு எழுதிக்கிடலாமாம்.

28 சென்ட விக்கல, கட்டடமும் இல்ல. நோயில்லாத கம்பு வாங்கி அங்க நட்டுப் பெருக்கப் போறோம். அப்பா கூட வேலை பாத்த ஒரு சார்ட்ட பேசினேன், ரெண்டு கணு மட்டும் உள்ள சின்னத் துண்டா வெட்டி நாத்துப் போட்டு நட்டா பத்துக்குப் பதிலா ஒரு செடில இருந்து 60 வரைக்கும் எடுக்கலாம், நானே வந்து காட்டித் தாறேன்னு சொல்லியிருக்காரு. தேமல் வந்த செடிய பாத்ததும் பிடுங்கி எறியணும், அதுக்கு கண்ணு வேணும்னு அப்பா சொல்லுவாங்க, அத ஊர்ப் பிள்ளைகளுக்கு அவரு சொல்லிக் குடுப்பாரு. பழைய வீட்டு ஓட்ட மாத்தி கம்பு வைக்கற இடமா வச்சுக்கிடலாம்.

இன்னைக்கு காலம்பற வாரிசுச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணியாச்சு. அக்கா திங்கக்கிழம தூதரகத்துக்குப் போறா. ஆடிட்டர் சார், பத்திர மாதிரி எழுதுனதும் உங்களுக்கு மெசேஜ் போடுகேன். நர்ஸ் தங்கச்சி, டிரஸ்டியா நீங்க வரணும்னு அம்மை கேக்கச் சொன்னாங்க, குலசேகரம் ஒண்ணும் தூரம் இல்லல்லா.

சித்திரை மழை விழுந்ததும் வாங்க எல்லாரும். வீட்டுக்கு 5 கம்பு. அடுத்த வருஷம் 10 குடுக்கணும்.